தண்ணி இறங்கும் மலை

மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் அழகர்மலை, திருப்பரங்குன்றம், மிஞ்சினால் யானைமலை. மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள் இருப்பது பேப்பரில் அடிபட்ட பிறகுதான் பலருக்குத் தெரியும். நகரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில் போனேன். பாறையில் ஈரம் காயவில்லை. பாசி பிடித்த இடங்களில் செருப்பு வழுக்கியதால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் நடையைப் பார்த்துச் சிரித்தார். “மழை பேஞ்சா நாலு நாளைக்கு மலை ஒழுகிக்கிட்டே இருக்கும் தம்பி. அம்புட்டும் கண்மாய்க்குத்தான்.”

அவர் சொன்னதில் இந்த மலையின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. மணற்கல்லாக இருந்தால் மழைநீரைக் குடிக்கும். இந்தக் கருங்கல் குடிக்காது. விழுந்ததில் பெரும்பங்கு வழிந்து ஓடும். விரிசலுக்குள் இறங்கியது பிறகு சுனையாகக் கசியும். 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள் என்பது அரசின் கணக்கு. தண்ணீர் இருப்பதால் புதர், புதர் இருப்பதால் எலியும் ஓணானும், அவற்றுக்காக வல்லூறு. சுமார் 250 பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. நான் பார்த்தது ஒரேயொரு வல்லூறு. லகர் வல்லூறா, ஷாஹீன் வல்லூறா என்று நான் கண்ணைச் சுருக்குவதற்குள் குன்றுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது.

இங்குள்ள சமணர் குகையில் தமிழிக் கல்வெட்டைத் தேடுகிற அவசரத்தில், அதற்கு மேலே நெற்றியில் வெட்டியிருக்கும் காடியை விட்டுவிடாதீர்கள். பாறை முகத்தில் வழிந்துவரும் மழைநீர் உள்ளே புகாமல் விளிம்போடு சொட்டிப்போக வைத்த ஏற்பாடு. இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் அன்று சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே பாறையில் தீர்த்தங்கரர் சிற்பம். செய்வித்தவர் அச்சணந்தி, காப்பவர்கள் பாதிரிக்குடியார் என்கிறது அதன் கீழுள்ள வட்டெழுத்து. ஊரார் பொறுப்பைக் கல்லிலேயே எழுதிவிட்டார்கள்.

பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும் இங்கே உண்டு. லிங்கத்தைத் தனியே கொண்டுவந்து வைக்கவில்லை, மலையோடு சேர்த்தே குடைந்திருக்கிறார்கள். ஒருபக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் லகுலீசர். தமிழ்நாட்டில் லகுலீசரைப் பார்ப்பது அபூர்வம்.

2022 நவம்பரில், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத்தலமாக அரசு அறிவித்தது. சரியாக இரண்டு வருடத்தில், இதையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனது. ஏற்கெனவே கிரானைட்டுக்காக மலைகள் குழிகளானதைக் கண்ணால் கண்ட மேலூர் வட்டாரத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கான விவசாயிகள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பறவை பார்க்கத்தான் அத்தனை பேரும் நடந்தார்கள் என்று பட்டணத்தில் சிலர் எழுதினார்கள். பெரியவரிடம் கேட்டேன். “பறவையும் வேணும்தான். மலை போச்சுன்னா கண்மாய்க்கு வரத்து எங்கிட்டு இருந்து வரும்?” என்றார், ஆட்டை அதட்டிக்கொண்டே.