அரிது என்பது யாருக்கு?

வட இந்தியாவின் குழந்தை அறுவைப் பிரிவுகளுக்கு அந்த எக்ஸ்-கதிர்ப் படம் புதிதன்று. ஆசனவாய் இன்றிப் பிறந்த சிசு. வயிற்றின் பாதி அகலத்திற்கும் மேலாக அடைத்து நிற்கும் ஒரே பெரிய காற்றுக்குமிழி. அதன் கீழே கோடிட்டாற்போல் திரவமட்டம். பெருங்குடல் முழுவதுமோ ஒரு பகுதியோ பையாக விரிந்து, ஆண் சிசுவில் பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு ஒரு புழையால் இணைந்திருக்கும்.

பிறவிப் பைக்குடல் எனப்படும் இக்குறைபாட்டுடன் பதிவானோரிற் பெரும்பாலோர் வட இந்தியக் குழந்தைகளே. காரணம் இன்றும் புலப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் கிரிக்கன்பெக் வகைப்பாடு இதனை அரிய, வட்டார வகைகளுள் ஒன்றாக வைத்தது. அந்த வட்டாரத்திலேயே பிறந்த சிசுவுக்கு 'அரிது' என்னும் சொல்லால் ஆவதென்ன?

படத்தைப் பிழையாகப் படிப்பதே பெரும் இடர். வழக்கமான ஆசனவாய்க் குறைபாடெனக் கருதி, விரிந்த பையிலேயே மலத்திறப்பு அமைத்தால் அது வெளிப்பிதுங்கக்கூடும். புழை எஞ்சியிருப்பதால் சிறுநீர்த் தொற்றும் தொடரும். தாமதித்தாலோ பை கிழியவும் கூடும். சரியாக அறுவை செய்தபின்னும் நீரை உறிஞ்சும் பெருங்குடல் குறைந்துவிடுகிறது. பள்ளி செல்லும் வயதிலும் சில பிள்ளைகளுக்கு மலம் இளகியே போகும்; அடக்கும் ஆற்றல் கைகூடாது. அறுவை அறிக்கைகள் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.