நாங்கள் போகும் டப்ளின், அம்மா பிறந்த டப்ளின்

"டப்ளினுக்கா? அதுக்கு எதுக்குப் பிளேனு? கூலிம்ல இருந்து அரை மணி நேரம்."

சீனப் பெருநாள் விடுமுறையில் சுங்கைப்பட்டாணி வீட்டு மேசையில் ஐரோப்பா வரைபடத்தை விரித்து வைத்திருந்தோம். பாரிஸ், லண்டன், எடின்பர்க், டப்ளின் என்று என் கணவர் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். எதிரே பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி அப்படிச் சொன்னதும் மூவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அம்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர் பிறந்தது டப்ளின் தோட்டத்தில்தான்.

இந்த நவம்பரில் எங்கள் திருமணத்துக்குப் பத்து ஆண்டு நிறைகிறது. வானொலியில் வேலை பார்க்கும் எனக்குத் தீபாவளிக்கு முன்னால் விடுப்பு என்ற பேச்சே கிடையாது. சிறப்பு நிகழ்ச்சிகளெல்லாம் முடிந்து மூச்சு விடும்போது நவம்பர் நடு வந்துவிடும். ஐரோப்பாவில் அது இலையுதிர் காலத்தின் கடைசி. படங்களில் பார்க்கிற மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் தரைக்கு வந்திருக்கும். விமான டிக்கெட்டும் தங்கும் விடுதியும் கோடைக்காலத்தைவிடப் பொதுவாக மலிவு. கூட்டமும் குறைவு. அதனால் துணிந்துவிட்டோம்.

அம்மா சொன்ன பிறகு வரைபடத்தை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம். எங்கள் கெடாவுக்குள்ளேயே ஒரு ஐரோப்பா இருக்கிறது. காராங்கான் பக்கம் டப்ளின். கோலக்கெட்டிலில் பேடனோக், அது ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு வட்டாரம். கோலமூடாவில் ஸ்கார்புரோ, அது இங்கிலாந்தின் கடலோர ஊர். செர்டாங்கில் சோம், அது வட பிரான்சில் ஓடும் ஆறு. 1916 ஜூலை முதல் நவம்பர் வரை முதல் உலகப் போரின் பெரும் சண்டை ஒன்று அதன் கரையில்தான் நடந்தது. பாடாங் செராயில் விக்டோரியாவும் ஹென்ரியெட்டாவும். பெயர் வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அந்தப் பெயர்களைப் பிறப்புப் பத்திரத்தில் சுமந்தவர்கள் நம்மவர்கள். தோட்டங்கள் கைமாறிய பிறகும் பல பெயர்கள் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன.

"முதல்ல அத்தையோட டப்ளினைப் பார்த்துட்டு வருவோம்" என்றார் கணவர். மறுநாள் காலையில் மூவரும் காரில் கிளம்பினோம்.

பாடாங் செராய் தாண்டி, கூலிம் வழியாகக் காராங்கான் சாலை. இரண்டு பக்கமும் பெரும்பாலும் செம்பனை. நடுநடுவே சிறுதோட்டக்காரர்களின் கித்தாக் காடு. அதில் ஒன்றைக் கண்டதும் கணவர் காரை ஓரம் கட்டினார். மரமெல்லாம் செம்பும் மஞ்சளுமாக நின்றது. காற்று அசையும்போது இலை சரம் சரமாக விழுந்தது. காலடியில் சருகு மொறுமொறுத்தது. நாங்கள் பணம் கட்டிப் பார்க்கப்போகிற காட்சி அங்கே இலவசமாக நடந்துகொண்டிருந்தது.

வடக்கே நம் கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறைந்து வெயில் காயும். அப்போது கித்தா மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடும். நான் படம் எடுத்துத் தள்ளினேன். அம்மா காரைவிட்டு இறங்கவில்லை.

"எல கொட்டுற காலம்னா எங்களுக்குப் பயம்" என்றார். தளிர் விட்டு முற்றும்வரை மரத்தில் பால் குறைந்துவிடும். மங்கில் அடிப்பாகம்கூட நனையாது. வாளி நிறையாவிட்டால் கையில் வருகிற காசும் குறையும். அந்த மாதங்களில் கடையில் பற்று ஏறும், நகை அடகுக்குப் போகும். "பள்ளிக்கூடம் தொறக்கிற நேரம் வேற. உங்க மாமாவுக்குச் சப்பாத்து வாங்காம ஒரு வருசம் விட்டுட்டாங்க" என்றார். இத்தனை ஆண்டுகளில் அம்மா இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தினமும் காலையில் முன்பின் தெரியாத நேயர்களிடம் அவர்கள் கதையைக் கேட்கிறவள் நான்.

டப்ளினுக்குள் போனதும் அம்மா தன் லயத்தைத் தேடினார். கண்ணுக்குத் தெரிந்தவரை செம்பனை வரிசைதான். ஒரு வளைவில் "நிறுத்துங்க" என்றார். பெரட்டுக் களம் இங்கே, பால் நிறுக்கும் கொட்டகை அங்கே என்று கையைக் காட்டினார். நாங்கள் பார்த்தது வெறும் மண்பாதை. அம்மா பார்த்தது விடியற்காலை ஐந்து மணி. பத்து நிமிடம் நின்றிருப்போம். "சரி, வெயில் ஏறுது, போலாம்" என்று அவரே காரில் ஏறிக்கொண்டார்.

அன்றிரவு பயணத் திட்டத்தை மாற்றி எழுதினோம். வியன்னாவும் பிராக்கும் முதலில் பட்டியலில் இருந்தன. அவற்றை இன்னொரு பயணத்துக்கு வைத்துவிட்டோம். இப்போதைய வழி இதுதான். பாரிசில் மூன்று நாள். அதில் ஒரு நாள் ரயிலில் அமியென் போய் சோம் ஆற்றங்கரை. பிறகு கால்வாய்ச் சுரங்கம் வழியாக இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே லண்டன். அங்கிருந்து ரயிலில் எடின்பர்க். கடைசியாகச் சிறு விமானப் பயணத்தில் டப்ளின். போகும்போது பாரிசில் இறங்கி, திரும்பும்போது டப்ளினில் ஏறும்படி டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம்.

லண்டனில் எங்களுக்கு முக்கியமான இடம் கியூ தாவரவியல் பூங்கா. 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகள் அங்கேதான் வந்து சேர்ந்தன. முளைத்தவை 2,700 அளவுக்குத்தான். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அம்மா வெட்டிய மரங்களின் வம்சாவழி அந்தப் பூங்கா வழியாகத்தான் வந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். 2025 அக்டோபர் முதல் அங்கே எல்லையில் கைரேகையும் படமும் பதிகிற முறை வந்திருக்கிறது. வரிசைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். பிரிட்டனுக்கு 2025 ஜனவரி முதல் நாம் இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி எடுக்க வேண்டும். அயர்லாந்து ஷெங்கனில் சேராதது. அதற்கும் நமக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. பெரிய விஷயம் வெளிச்சம். நவம்பர் நடுவில் டப்ளினில் எட்டு மணிக்குச் சற்று முன்னால்தான் பொழுது விடியும், நாலரை மணிக்குள் அடையும். ஊர் சுற்றுவதைப் பகலுக்கும் அருங்காட்சியகத்தை மாலைக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

அம்மாவையும் கூப்பிட்டோம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடப்பிதழ் பாதிக் கட்டணம், 100 வெள்ளிதான் என்றுகூடச் சொல்லிப் பார்த்தோம். "முட்டி வலியோட குளிருல என்னால ஆகாது. கல்யாண நாளுக்கு நீங்க ரெண்டு பேரும் போறதுதான் அழகு" என்று முடித்துவிட்டார். படுக்கப் போகும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஊருலயும் எல கொட்டுனா சம்பளம் குறையுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. கணவர்தான் சமாளித்தார். "அங்க தெருவெல்லாம் எலதான் அத்தை. பெருக்குறவங்களுக்கு வேலை கூடத்தான் செய்யும்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப நல்ல ஊருதான். போய்ட்டு வாங்க."