பார்க்கலாம் என்றொரு சொல்

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது நன்னூல். பள்ளியில் இதை ஒப்பித்த நாங்கள் மூவரும் எடுத்துக்காட்டுகளுக்காக உரைநூலைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல் கடைவீதியில் அவை காலைமுதல் இரவுவரை நடமாடின. நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என எண்ணாமல் 'லாபம்' என்றே தொடங்குவார். கேட்ட சரக்கு கடையில் இல்லையென்றால் 'நாளைக்கு வந்துரும்ணே' என்று விடை வரும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர் காதுக்கு ஒரு சொல்லும் எட்டாது.

இவற்றுக்கெல்லாம் தாய்போன்ற சொல் ஒன்று எங்கள் ஊரில் உண்டு: 'பார்க்கலாம்'. கடன் கேட்டவருக்கும், பெண் கேட்டு வந்தவருக்கும், விலையைக் குறைக்கச் சொன்னவருக்கும் அதுவே விடை. சற்று இழுத்து, பார்வையை வேறுபக்கம் திருப்பிச் சொன்னால் மறுப்பு. 'பாத்துக்கலாம், நீங்க போங்கண்ணே' என்று விரைந்து சொன்னால் சம்மதம். 'பாப்போம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றால் இன்னொரு முறை வந்து கேட்கலாம் என்று பொருள். அகராதியில் இந்த வேறுபாடு கிடைக்காது. பேகம்பூர்த் தோல் வணிகரும், சின்னாளபட்டியில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் நெசவாளரும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரளத்திலிருந்து வரும் காய்கறி வியாபாரியும் இச்சொல்லின் சுருதியைப் பழகிக்கொண்டே தொழில் செய்தனர். காரணம் எளியது. இன்று மறுக்கப்படுபவர் நாளை கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அமரப்போகிறவர். 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அந்தப் பந்தியில் சோறு இறங்காது.

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் 1976இல் வெளியிட்ட நூலொன்றில், பண்பாடுகளை அவை சூழலை எவ்வளவு சார்ந்து பேசுகின்றன என்ற அளவுகோலில் வரிசைப்படுத்தினார். ஒரு முனையில், பொருளின் பெரும்பகுதி சொல்லுக்கு வெளியே, உறவிலும் இடத்திலும் தங்கியிருக்கிறது. மறுமுனையில் சொல்லே எல்லாம். ஜப்பானியர் முன்னதற்கும் ஜெர்மானியர் பின்னதற்கும் வழக்கமான எடுத்துக்காட்டுகள். எங்களில் இளையவர் பணிபுரிந்த பன்னாட்டு நிறுவனத்தில் இதையே அரைநாள் பயிற்சியாக நடத்தினார்கள். இந்தியர் தலையசைத்தால் அதைச் சம்மதமென்று நம்பாதீர்கள் என்பதே அதன் சாரம்.

கேட்டு வந்த நண்பருக்கு அது முழு உண்மையாகப் படவில்லை, எங்களுக்கும் அப்படியே. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் வைரப் பேரங்கள் 'மஸால்' என்ற எபிரேயச் சொல்லோடும் ஒரு கைகுலுக்கலோடும் முடிவடைவது நெடுங்கால மரபு. அங்கு முன்னரே வேரூன்றிய யூத வணிகரும், பின்னர் வந்துசேர்ந்த குஜராத்தின் பாலன்பூர்ச் சமணரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஐரோப்பாவின் நடுவே எழுத்தில்லா உடன்படிக்கை! சொல் தவறியவருக்கு அந்தச் சந்தையில் மறுபடி இடமில்லை என்பதால் அது நிற்கிறது. ஆகவே கிழக்கு, மேற்கு என்ற பிரிவைக் காட்டிலும், பேசுகிற இருவரும் நாளையும் ஒருவரையொருவர் நம்பி வாழவேண்டியவர்களா என்பதே முதன்மையான கேள்வியெனத் தோன்றுகிறது.

அந்த நிலை உடைந்ததை எங்கள் ஊர்த் தோல் தொழிலில் அருகிருந்து கண்டோம். ஆவாரம்பட்டை கொண்டு பதனிடும் பழைய முறையில் வளர்ந்த தொழில் அது. சென்னை ஏற்றுமதியாளர் வழியே சரக்கு போன காலத்தில், பேச்சின் கூர்முனைகளை இடையில் இருப்பவர் மழுக்கிவிடுவார். 1989இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலைத் தடைசெய்தது; பொருளில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்றது. 1994இல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. 'பார்க்கலாம்' என்று விடை சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல இவை. ஆய்வகச் சான்றிதழ் உண்டா, இல்லையா? அவ்வளவே.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களில் மூத்தவர் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு ஏஜெண்ட் ஒருவர் வந்து, சரக்கு மாதக் கடைசிக்குள் கிடைக்குமா என்று கேட்டார். முதலாளி தாடையைத் தடவியபடி, 'பாப்போம் சார்... மொதல்ல டீ சாப்பிடுங்க' என்றார். ஒரு மாதம் போதாது என்பது டீ வாங்கப் போன பையனுக்குக்கூடப் புரிந்தது. ஏஜெண்ட் தம் குறிப்பேட்டில் மாதக் கடைசித் தேதியை எழுதிக்கொண்டார். தேதி கடந்தது, ஆர்டர் ரத்தாயிற்று. 'நான் எப்பங்க தர்றேன்னு சொன்னேன்?' என்று முதலாளிக்கு வருத்தம். மறுக்கவில்லையே என்று அவருக்குக் கோபம். இருவர் பேச்சும் அவரவர் வழக்கில் நேர்மையானதே. ஆனால் அந்த ஆர்டர் போனதால் வேலையின்றி வீடு திரும்பியவர்கள், உருப்படிக் கணக்கில் கூலி வாங்கிய தொழிலாளர்கள். அந்தப் பேச்சு நடந்த அறைக்குள் அவர்கள் இருக்கவேயில்லை.

இவ்விடத்தில் டி. செல்வராஜின் 'தோல்' நாவலை நினைக்காமல் கடக்க இயலவில்லை. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவல், திண்டுக்கல் தோல் தொழிலாளர் சங்கமாகத் திரண்ட வரலாற்றிலிருந்து எழுந்தது. இவ்வூரிலேயே வழக்கறிஞராக வாழ்ந்தவர் செல்வராஜ். பயிற்சி வகுப்புகள் சொல்லாத ஒன்றை அந்த வரலாறு சொல்கிறது. நேர்ச்சொல்லையும் எழுத்தையும் எங்கள் ஊரில் முதலில் கேட்டவர்கள் ஜெர்மானியர் அல்லர்; கூலியையும் வேலை நேரத்தையும் பேசித் தீர்க்கச் சொல்லி நின்ற தொழிலாளர்கள்தாம். வணிகர் இருவருக்கிடையே மரியாதையாக இருக்கும் 'பார்க்கலாம்', கூலி உயர்வு கேட்டு வாசலில் நிற்பவருக்கு முடிவில்லாத காத்திருப்பாகிவிடுகிறது.

துண்டுக்குள் நடக்கும் பேரத்தையும் இப்படியே நோக்கலாம். இரு தரகருக்கிடையே அது நாகரிகம்: கேட்ட விலை படியாமற்போனது ஊருக்குத் தெரியாது, மறுத்தவர்மீது பகையும் வளராது. பாரசீக வளைகுடாவின் முத்து வணிகரும் துணிக்கடியில் விரல்களால் பேசியவர்களே. ஆனால் மாட்டை ஓட்டிவந்த சம்சாரி துண்டுக்கு வெளியே நிற்கிறார். தரகர் கையை எடுத்து 'இவ்வளவுதாம்ப்பா வருது' என்றால் அதுவே விலை. கமிஷன் கடையில் தக்காளிப் பெட்டி இறக்குபவர் நிலையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. கமிஷன் கடைக்காரர் வீட்டில் பிறந்த எங்கள் நண்பரே இதைச் சொல்வதுண்டு. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டு, பிற ஊர்களுக்கும் அது பரவியபோது, எங்களுக்குப் பெரிதாகப் பட்டது விலைப்பலகைதான். அன்றைய விலையைப் பெரிய எழுத்தில் எழுதி, வருவோர் அனைவரும் காண நிறுத்தியிருந்தார்கள்.

பலகை வந்ததால் பண்பாடு போயிற்று என்று நாங்கள் வருந்தவில்லை. உழவர் சந்தையிலும் 'பாத்துப் போட்டுக் குடுங்கக்கா' என்று கேட்பவர் உண்டு. ஒரு கைப்பிடி கொத்தமல்லி கூடுதலாக விழுவதும் உண்டு. மறைமொழி அங்கும் இருக்கிறது. ஆனால் விலை தெரிந்த இருவருக்கிடையே இருக்கிறது. 'அப்படின்னா என்னங்க அர்த்தம்?' என்று எதிரில் நிற்பவர் அச்சமின்றித் திருப்பிக் கேட்க முடியுமானால், 'பார்க்கலாம்' நல்ல தமிழ்ச் சொல்தான்.