கேமராவுக்குள் உருண்டது

அம்மாவின் அலமாரியைக் காலி செய்தபோது அந்தப் பழைய டிஜிட்டல் கேமரா கிடைத்தது. 2008-இல் நான் வாங்கிக் கொடுத்தது. அசைத்தால் உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. மெமரி கார்டைக் காணோம். ஆனால், இந்த ரகக் கேமராக்களில் கார்டு இல்லாமல் எடுத்த சில படங்கள் உள்ளேயே தங்கியிருக்கும். தூக்கிப்போட மனம் வரவில்லை.

பேட்டரியைத்தான் கழற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் நானே திறந்தேன். விரல் எதிலோ பட்டதும் சுரீரென்று அடித்தது பாருங்கள், கேமரா கீழே விழாமல் தப்பியதே பெரிது!

மறுநாள் புடுவில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு ஓடினேன்.

"ஃபிளாஷ் கெப்பாசிட்டர் அண்ணே. பேட்டரி இல்லாவிட்டாலும் 300 வோல்ட் வரைகூட பிடித்து வைத்திருக்கும்" என்றார் கடைக்காரத் தம்பி. "ஆன் செய்து பார்த்தீர்களா?"

"இல்லை."

"நல்லவேளை."

சில புதிய கேமராக்கள் அணைத்திருக்கும்போது உள்ளே ஆடுமாம். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் பாகம் அது, பழுதல்ல. இதில் ஆடியதோ கழன்று விழுந்த கடுகளவு திருகாணி. சர்க்கியூட்டில் பட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். மின்சாரத்தை வடித்துவிட்டு, சாமணத்தால் மெல்ல எடுத்தார்.

மொத்தம் ஏழு படங்கள். ஆறில் வெறும் தரை. ஏழாவதில் கண்ணாடி முன் நின்று தன்னையே எடுத்திருக்கிறார் அம்மா. ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.