கதிரவன் கொடையும் நம் கொடையும்

இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தம் காப்பியத்தைத் தொடங்கினார். வேந்தர்க்கும் வறியோர்க்கும் வேறுபாடின்றிப் பயன் தருவன இம்மூன்றும். ஆயினும், பகலில் பொழியும் கதிரொளியை மின்னாக்கி இரவில் பயன்கொள்ளத் தகடு வேண்டும், மின்கலம் வேண்டும், அவற்றை வாங்கப் பொருள் வேண்டும். இல்லாதார்க்கு அப்பொருளை எவ்வாறு தருவது என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விழையும் வினா.

நாம் பிறந்த வீட்டிற்கு எட்டாம் வகுப்பு முடியும் வரை மின்சாரம் வரவில்லை. அரிக்கன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைப்பது நம் அன்றாடப் பணி. திரியைத் தாழ்த்தி மண்ணெண்ணெயை மிச்சம் பிடிப்பது உம்மாவின் பணி. ஆதலின் ஒரு குடிசையில் இரவில் விளக்கெரிவதன் அருமையைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக மாணவர்களுடன் கடற்கரைக் குப்பம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். அறநிறுவனம் ஒன்று அங்கே சூரிய ஒளித் தெருவிளக்குகளை அமைத்துத் தந்திருந்தது. கொடையாளர் பெயர் பொறித்த பலகை துலக்கமாக இருந்தது, விளக்குகள் எரியவில்லை. மின்கலங்கள் வலுவிழந்துவிட்டன, மாற்றுவதற்கெனப் பணம் எவரும் ஒதுக்கவில்லை. “அவுங்க போட்ட லைட்டு ஐயா. எங்க லைட்டா இருந்தா நாங்க பாத்திருப்போமே” என்றார் மீனவப் பெரியவர் ஒருவர்.

அச்சொல்லே வங்கதேசத்தின் பட்டறிவைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டிற்று. அங்கே 1996இல் கிராமீன் சக்தி தோன்றியது. 2003இல் ‘இட்கால்’ எனும் அரசு நிதி நிறுவனம், உலக வங்கி முதலியவற்றின் துணையோடு, மின்கம்பி எட்டாத சிற்றூர்களுக்கு வீட்டுச் சூரிய விளக்குத் திட்டத்தைத் தொடங்கியது. விளக்குகளை இலவசமாக வழங்கவில்லை. குடும்பத்தார் விலையில் சிறு பகுதியை முன்பணமாகக் கட்டினர். எஞ்சியதை ஓரிரு ஆண்டுகள் முதல் மூன்றாண்டுகள் வரை மாதத் தவணையாகச் செலுத்தினர். தவணை பெற வந்த தொண்டு நிறுவனப் பணியாளரிடமே பழுதையும் சொல்லலாம். விளக்கு எரியாவிடின் தவணை வாராது. எனவே விளக்கைக் காப்பது கொடுத்தவர்க்கும் கடனாயிற்று. மானியமோ படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2018க்குள் நிறுவப்பட்டவை 41 இலட்சத்திற்கும் மேல்; ஒளி பெற்றோர் ஏறத்தாழ 2 கோடி மக்கள்.

அத்திட்டத்திற்கும் இறங்குமுகம் வந்தது. 2013க்குப் பின்னர் மின்கம்பிகள் சிற்றூர்களுக்கு விரைந்து சென்றன. அரசின் வேறு திட்டங்கள் தகடுகளை இலவசமாகவும் வழங்கின. விற்பனை சரிந்தது, தவணை நிலுவை பெருகியது, கடன் கொடுத்த தொண்டு நிறுவனங்கள் இடர்ப்பட்டன. அன்றியும், முன்பணம் கட்டவும் இயலாத வறியோர்க்குத் தவணை முறை மட்டும் போதுமானதன்று. கொடையின் இடம் அங்கேதான் உள்ளது.

ஆகவே, ஈகைக் குணம் மிக்க நம் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. விளக்கு வழங்க எண்ணும்போது, தகட்டின் விலையோடு சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய மின்கலத்தின் விலையையும் சேர்த்து ஒதுக்குக. இயலாதார்க்கு முன்பணத்தை ஏற்றுக்கொள்க. மாதந்தோறும் இயன்ற சிறு தொகையை ஊராரே சேர்த்து, ஊர்க்குழுவின் பொறுப்பில் வைக்கச் செய்க. அவ்வூர் இளைஞர் ஒருவர்க்கேனும் பழுது நீக்கும் பயிற்சி அளித்திடுக. மாணவர்களே, பயிற்சியில் அவர்களுக்குத் துணை நிற்பது உங்கள் பங்கு. பெயர்ப்பலகை இல்லாவிடினும் குறையில்லை. தம் பணமும் உழைப்பும் கலந்த விளக்கை அணையவிட எவர்க்கும் மனம் வாராது.