பிபா சௌதுரியைத் தெரியுமா?

1950 இயற்பியல் நோபல் யாருக்குன்னு ஒரு வினாடி வினாவுல கேட்டாங்க.
செசில் பவல். சரியான விடைதான்.
ஆனா என் மனசு டார்ஜிலிங் பக்கம் போயிடுச்சு.

பவலுக்கு முன்னாடியே கல்கத்தாவுல பிபா சௌதுரின்னு ஒரு பெண் இருந்தாங்க.
பேராசிரியர் டி.எம். போஸோட சேர்ந்து, டார்ஜிலிங் பக்கத்து இமயமலை உயரத்துல புகைப்படத் தகடுகளை மாசக்கணக்கா வெச்சாங்க.
வானத்துலேர்ந்து வர்ற காஸ்மிக் கதிர் அதுல தடம் விட்டுட்டுப் போகும். அந்தத் தடத்தை நுண்ணோக்கியில பார்த்துப் பார்த்து அளந்தாங்க.
எலக்ட்ரானைவிட ஏறக்குறைய 200 மடங்கு கனமான துகள், மெசான்னு கணக்குச் சொன்னாங்க.
'நேச்சர்' இதழ்லயே வந்துச்சு.

அப்புறம் உலகப் போர். இன்னும் நுட்பமான தகடு இங்க கிடைக்கல.
பிரிட்டன்ல பவலுக்குக் கிடைச்சுது. 1947ல அவர் குழு அதை வெச்சு பையான்ங்கற மெசானைக் கண்டுபிடிச்சுது. நோபலும் அந்த வேலைக்குத்தான்.
போஸும் சௌதுரியும் இந்தத் தகடு வழியை முன்னாடியே சொன்னதை பவலே பிறகு புத்தகத்துல எழுதினார்.
அவருக்கு இருந்த அந்த நேர்மை நம்ம நாட்டுக்கு இல்லாமப் போச்சே!

கோலார் தங்கவயல் சுரங்க ஆய்வு வரைக்கும் உழைச்சவங்க சௌதுரி. 1991ல இறந்தாங்க.
2019லதான் ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா'ன்னு பேர் வெச்சாங்க.

இயற்பியல் ஆசிரியர்களே, மெசான் பாடம் நடத்துறப்ப இவங்க பேரையும் ஒரு தடவை சொல்லுவீங்களா?