புதுவாயல்... ப்ளஸ் ஆர் மைனஸ்!

சென்ட்ரலை ஒட்டியிருக்கிற மூர் மார்க்கெட் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிங்க ஃப்ரெண்ட்ஸ். மீஞ்சூர், பொன்னேரி தாண்டி கவரைப்பேட்டையில இறங்கினா, புதுவாயல் கிட்டதான். கொல்கத்தா ஹைவேயில இருந்து பெரியபாளையம் ரோடு பிரியுற கூட்டுச்சாலை. அங்க பார்க்க பெருசா ஒண்ணும் கிடையாது. காதைத் தீட்டிக்கிட்டுப் போங்க, அது போதும்.

நான் போனது இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்காக. டீக்கடையில, "பெரியபாளையம் பஸ் எப்போ வரும்ணே?"ன்னு கேட்டேன். நைட் ஷிப்ட் முடிச்ச ஒரு அண்ணன் டீயை உறிஞ்சிக்கிட்டே, "எட்டரை... ப்ளஸ் ஆர் மைனஸ் பத்து நிமிஷம்"னார். 'தெரியலை'ன்னு கையை விரிக்கவும் இல்லை, சத்தியம் பண்ணவும் இல்லை. எப்பூடி?

இது பட்டறையில பொறந்த பேச்சுங்கிறது என் யூகம் (அதுக்கும் ஒரு ப்ளஸ் ஆர் மைனஸ் போட்டுக்குங்க). ட்ராயிங்ல 25 மில்லிமீட்டர், ப்ளஸ் ஆர் மைனஸ் 0.05னு இருந்தா, 24.95ல இருந்து 25.05 வரை பாஸ். 25.06 வந்தா ரிஜெக்ட். ஒரு மெல்லிசான தலைமுடி கனத்துல தலையெழுத்தே மாறிடும்!

தமிழ்ல இதுக்கு வார்த்தை இல்லையான்னு சண்டைக்கு வராதீங்க. 'ஏறக்குறைய'வைப் பிரிச்சுப் பாருங்க. ஏற, குறைய... அதே ப்ளஸ், மைனஸ்தான்! 'சுமார்' பாரசீகத்துல இருந்து வந்தது, அங்கே அதுக்கு எண்ணிக்கைன்னு அர்த்தம். ஆந்திரா லாரி டிரைவர்கிட்டயும் அது செல்லும். பீகார்ல இருந்து வேலைக்கு வந்த பையன்னா, 'உன்னீஸ் பீஸ்'ம்பான். அதாவது பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் உள்ள வித்தியாசம்தானாம். நாமளோ இப்ப மணி என்னன்னு கேட்டாக்கூட, "எட்டு இருக்கும்"னு எதிர்காலத்துல பதில் சொல்ற பரம்பரை!

அந்த 'இருக்கும்'தான் என்னை மாட்டி விட்டுச்சு. வெர்னியரை மேலோட்டமா வெச்சுட்டு, "25 இருக்கும் சார்"னேன். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். "இருக்கும்னா? எவ்வளவு ப்ளஸ், எவ்வளவு மைனஸ்?" திருதிருன்னு முழிச்சேன். மொத்த ட்ரேயையும் திரும்ப அளக்கச் சொன்னார். நாற்பது பீஸ்ல மூணு ரிஜெக்ட். மூணுமே நான் '25 இருக்கும்'னு தள்ளிவிட்டது. கம்பெனியை விட்டு வெளியே போயிருந்தா, யாரோட மெஷின்ல போய் உட்கார்ந்து என்ன பண்ணியிருக்குமோ?

அட, பஸ் கதையை முடிக்கலையே. எட்டு நாற்பத்தி மூணுக்கு வந்துச்சு. அண்ணன் வாட்சைப் பார்த்தார். "ரிஜெக்ட்"னு சொல்லிக்கிட்டே ஏறிட்டார்.